உயிருள்ள செல்லைப் படம் எடுக்கும்போதே அது ஏன் சாகிறது? புது மைக்ரோஸ்கோப் வாங்கினால் தீருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். துறையில் பத்து வருடத்துக்கு மேல் பழைய லேசர் ஸ்கேனிங் கன்ஃபோகல் (லேசர் புள்ளியை ஓடவிட்டு ஒரு தளத்தை மட்டும் படம் எடுக்கும் மைக்ரோஸ்கோப்) ஒன்று இருக்கிறது. ஹீலா செல்களின் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) மைட்டோகாண்ட்ரியாவில் ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஏற்றி, 30 வினாடிக்கு ஒரு இசட்-ஸ்டேக் (கீழிருந்து மேலாகத் தளம் தளமாக எடுக்கும் படக்கட்டு) வீதம் ஒரு மணி நேரம் படம் எடுக்கிறீர்கள். இருபது நிமிடத்துக்குள் நூல் நூலாக இருந்த மைட்டோகாண்ட்ரியா மணி மணியாக அறுந்துவிடுகிறது, பிறகு செல்லே உருண்டுவிடுகிறது. ஸ்பின்னிங் டிஸ்க், லைட்ஷீட், லாட்டிஸ், சூப்பர் ரெசல்யூஷன் என்று இத்தனை வந்துவிட்டதே, இதில் எதை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுப்பது, இல்லாவிட்டால் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வைத்தே ஒப்பேற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. உங்கள் செல் எவ்வளவு ஒளியைத் தாங்கும், அந்த ஒளியிலிருந்து எவ்வளவு தகவலைக் கறக்க முடியும்? கடந்த முப்பது வருடங்களில் வந்த முன்னேற்றங்களில் உருப்படியானவை எல்லாம் இந்த வரவு செலவைச் சரிசெய்தவைதான். அதனால் கருவிக்குப் போகும் முன் கணக்கைப் போட்டுவிடுவோம்.

ஆப்ஜெக்டிவ் லென்ஸைத் தாண்டி சாம்பிளில் விழும் 488 நானோமீட்டர் லேசரின் திறன் 50 மைக்ரோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லேசர் பாயின்டரை விடப் பல மடங்கு குறைவு. ஆனால் அது கால் மைக்ரான் அகலமுள்ள புள்ளியில் குவிகிறது. அந்த இடத்தில் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 லட்சம் வாட். உச்சி வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட்தான். அதாவது வெயிலைப் போல பத்து லட்சம் மடங்கு, ஒவ்வொரு பிக்சலிலும் சில மைக்ரோ வினாடிகள். இனி மொத்த டோஸைப் பாருங்கள். 512-க்கு 512 பிக்சல், ஒரு பிக்சல் 100 நானோமீட்டர் என்றால் பரப்பு 51 மைக்ரான் சதுரம். ஒரு ஃபிரேமுக்கு 1 வினாடி ஆனால் ஒரு ஃபிரேமில் சதுர சென்டிமீட்டருக்கு 1.9 ஜூல் விழுகிறது. ஸ்டேக்கில் 15 தளம் இருந்தால் 28 ஜூலுக்கு மேல். ஏனென்றால் நீங்கள் ஒரு தளத்தைப் படம் எடுக்கும்போதும் ஒளிக்கூம்பு செல்லின் முழு உயரத்தையும் துளைத்துக்கொண்டுதான் போகிறது. டிடெக்டருக்கு முன்னாலுள்ள நுண்துளையான பின்ஹோல் வெட்டி எறிவது திரும்பி வரும் ஒளியை மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் 120 ஸ்டேக், ஆக மொத்தம் சுமார் 3,400 ஜூல். இதே சோதனையை 10 மைக்ரோவாட், 5 தளம், 2 நிமிட இடைவெளி என்று மாற்றினால் 57 ஜூல். அறுபது மடங்கு குறைந்துவிட்டது, ஒரு பைசா செலவில்லை. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் செல் உயிரோடு இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட ஒரு பவர் மீட்டர் தேவை. மென்பொருளில் தெரியும் 2 சதவீதம், 5 சதவீதம் என்ற எண்கள் வெறும் டயல் குறிகள். லேசருக்கு வயதானால், ஃபைபர் அலைன்மென்ட் விலகினால், அதே 5 சதவீதம் வேறு ஒளியாகிவிடும். சிலைடு அளவில் வரும் சென்சாரை ஸ்டேஜில் வைத்து, 10எக்ஸ் லென்ஸில் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் டயலின் ஐந்தாறு நிலைகளில் அளந்து ஒரு தாளில் எழுதி மைக்ரோஸ்கோப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் படம் எடுக்கும் லென்ஸிலும் ஒருமுறை அளங்கள். ஆயில் லென்ஸ் (கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டு வைப்பது) என்றால் சென்சாரின் மேல் கண்ணாடி ஆயிலுக்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஒளி எப்படிக் கொல்கிறது என்பதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இது: தூண்டப்பட்ட சாய மூலக்கூறும், செல்லுக்குள் இயல்பாகவே இருக்கும் ஃபிளேவின், போர்ஃபிரின் போன்றவையும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து வினைவீச்சு மிக்க ஆக்ஸிஜன் வடிவங்களை உண்டாக்குகின்றன, அவை கொழுப்பு, புரதம், டிஎன்ஏ மூன்றையும் தாக்குகின்றன. அலைநீளம் குறையக் குறைய சேதம் கூடும் என்பதும் உறுதி. 405 நானோமீட்டர் மோசம், 488 நடுத்தரம், 640 எவ்வளவோ தேவலை. 2015-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு சாயமே இல்லாத செல்களிலும் இந்த வரிசையைக் காட்டியது. சாயம் போடாத செல் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. விவாதத்தில் இருப்பது எல்லைக்கோடு. இத்தனை ஜூலுக்குக் கீழே பாதுகாப்பு என்று எல்லாச் செல்லுக்கும் பொதுவான எண் கிடையாது. செல் வகை, சாயம் ஒட்டிய இடம், செல் சுழற்சியில் எந்தக் கட்டம் என்று எல்லாவற்றையும் பொறுத்து அது பல மடங்கு மாறும். ஒரே டோஸை வலுவான ஒளியில் சட்டென்று கொடுப்பது கெடுதலா, மெல்லிய ஒளியில் நீட்டிக் கொடுப்பது கெடுதலா என்பதில் பெரும்பாலான தரவு மெல்லிய ஒளிக்கே சாதகம். அதையும் எல்லாச் சாயத்துக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பலரும் கவனிக்காத குற்றவாளி மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவம். வழக்கமான டி.எம்.இ.எம்.-ல் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் இருக்கிறது. அது நீல ஒளியை நன்றாக உறிஞ்சி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பிஹெச் காட்டும் நிறமியான 15 மில்லிகிராம் ஃபீனால் ரெட்டும் சேர்ந்து பின்னணியை ஏற்றிவிடும். பின்னணி ஏறினால் நீங்கள் லேசரை ஏற்றுவீர்கள், விஷச்சுழல் அங்கே தொடங்கும். ஃபீனால் ரெட் இல்லாத, ரைபோஃபிளேவின் குறைந்த படமெடுப்பு மீடியம் கடையில் கிடைக்கிறது. புட்டியில் அதிகம் மிஞ்சாமல் சின்ன அளவாக வாங்குங்கள். பிஹெச்சை நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே சமாளிக்கலாம் என்று 25 மில்லிமோலார் ஊற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ரைபோஃபிளேவின் இருக்கும் மீடியத்தில் ஹெப்பெஸ் மேல் ஒளி பட்டால் பெராக்சைடு உற்பத்தி கூடுகிறது. ஹெப்பெஸ் போட்ட மீடியத்தை ஆய்வக வெளிச்சத்தில் மணிக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள்.

அடுத்து, கொல்வது ஒளிதானா என்று முதலில் நிரூபியுங்கள். அதே டிஷ்ஷில், லேசர் படாத இரண்டு மூன்று இடங்களைக் குறித்துவைத்து, படமெடுப்பு முடிந்ததும் அங்கே போய் ஒரே ஒரு ஃபிரேம் எடுங்கள். அங்கேயும் மைட்டோகாண்ட்ரியா மணி மணியாக இருந்தால் குற்றம் ஒளியில் இல்லை. வெப்பம், பிஹெச், ஆவியாதல், செல்லுக்குள் மரபணுவை ஏற்றிய டிரான்ஸ்ஃபெக்‌ஷன் ஆகியவற்றில் ஒன்று. படமெடுத்த செல் மட்டும் கெட்டிருந்தால் ஒளிதான். இன்னும் நுணுக்கமான அளவுகோல் செல் பிரிவு. ஹீலா செல் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரண்டாகும். படமெடுத்த இடத்தையும் எடுக்காத இடத்தையும் இன்குபேட்டரில் 24 மணி நேரம் விட்டு எண்ணிப் பாருங்கள். செல் உருளவில்லை, சாயம் மங்கவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஃப்பி பளிச்சென்று இருக்கும்போதே செல் பிரிவு தள்ளிப்போயிருக்கும். சாயம் மங்குவதும் செல் கெடுவதும் தொடர்புள்ளவை, ஆனால் ஒன்றல்ல. மைட்டோகாண்ட்ரியாவை ஆராயும் உங்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து, ஏனென்றால் ஒளி முதலில் கெடுப்பதே நீங்கள் அளக்கப்போகும் பொருளைத்தான். மைட்டோகாண்ட்ரியா துண்டாவது மருந்தாலா லேசராலா என்று தெரியாத வீடியோவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

சூழல் பற்றிச் சிலது. ஸ்டேஜ் இன்குபேட்டரின் திரையில் 37 டிகிரி என்று காட்டினாலும் ஆயில் லென்ஸ் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அவ்வளவு இருக்காது. லென்ஸ் என்பது பித்தளையும் கண்ணாடியும் சேர்ந்த குளிர்ந்த கட்டி. ஆயில் வழியாக வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெல்லிய தெர்மோகப்பிளை மீடியத்துக்குள் விட்டு, லென்ஸ் ஃபோகஸில் இருக்கும்போது அளந்து பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் லென்ஸுக்கு ஹீட்டர் காலர் போட வேண்டும். இயந்திரத்தை ஆன் செய்து இரண்டு மணி நேரமாவது சூடேற விட்ட பிறகுதான் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்டாண்டின் உலோகம் விரிந்து ஃபோகஸ் மைக்ரான் கணக்கில் ஓடும். கண்ணாடி அடியின் மேல் அகச்சிவப்புக் கதிரைப் பிரதிபலிக்கவைத்து ஃபோகஸைப் பிடித்துவைக்கும் அமைப்பு இப்போது எல்லாப் பெரிய கம்பெனியிடமும் உண்டு. என் பார்வையில் நீண்ட நேரப் படமெடுப்பைச் சாத்தியமாக்கியதில் நோபல் வாங்கிய நுட்பங்களுக்கு இணையான பங்கு இதற்கு இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. உங்கள் ஸ்டாண்டில் அதைப் பின்னால் பொருத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு ஆவியாதல். 35 மில்லிமீட்டர் டிஷ்ஷின் நடுக்குழியில் மட்டும் 200 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து எடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் உப்புச் செறிவு ஏறி செல் சுருங்கும், நீங்கள் ஒளியைக் குறை சொல்வீர்கள். 2 மில்லிலிட்டர் ஊற்றி, அறைக்குள் ஈரத் துணி வையுங்கள். இரவு முழுக்க ஓட்டுவதானால் மேலே மெல்லிய மினரல் ஆயில் படலம் போடலாம். வாயு ஊடுருவும், நீர் போகாது.

கண்ணாடியும் லென்ஸும் சரியாக இல்லாவிட்டாலும் ஒளி வீணாகும். லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்காகச் செய்யப்பட்டது; நம்பர் 1.5 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், பிளாஸ்டிக் அடியுள்ள டிஷ் உயர்ந்த என்.ஏ. (எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைப் பிடிக்கும் என்ற எண்) உள்ள லென்ஸுக்கு ஆகாது. 1.4 என்.ஏ. ஆயில் லென்ஸ், மூலக்கூறு எல்லாத் திசையிலும் உமிழும் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதத்தைப் பிடிக்கிறது; 1.2 வாட்டர் லென்ஸ் 28 சதவீதம், 0.8 என்.ஏ. லென்ஸ் 10 சதவீதம்தான். ஆகவே நல்ல லென்ஸ் என்பது மூன்று மடங்கு குறைந்த லேசர். ஆயிலின் ஒளிவிலகல் எண் 1.518, மீடியம் 1.34-க்குப் பக்கத்தில். கண்ணாடியிலிருந்து பத்து மைக்ரான் தாண்டி மேலே போகப் போக இந்த வித்தியாசம் படத்தைக் குழப்பிவிடும். அதற்கும் நீங்கள் லேசரை ஏற்றித்தான் ஈடுகட்டுவீர்கள். ஒட்டிப் படர்ந்திருக்கும் ஹீலாவுக்கு ஆயில் போதும். செல்கள் உருண்டையாகத் திரண்ட ஸ்ஃபீராய்டு, கரு என்றால் வாட்டர் அல்லது சிலிக்கோன் லென்ஸ், கரெக்‌ஷன் காலரைத் திருகிச் சரிபார்த்து.

உங்களிடம் இருக்கும் கன்ஃபோகலில் இன்றே மாற்ற வேண்டியவை: பின்ஹோலை 1 ஏரி யூனிட்டிலிருந்து (ஒளிப்புள்ளியின் அகலத்தை வைத்துச் சொல்லும் அளவு) 1.5 அல்லது 2-க்குத் திறங்கள், தளப்பிரிப்பு கொஞ்சம் போகும், ஒளி கூடும். ஜூமைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். பிக்சலைப் பாதியாக்கினால் அதே திறனில் டோஸ் நான்கு மடங்காகும். லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்று எர்ன்ஸ்ட் ஆபே 1873-ல் சொன்ன எல்லை, 510 நானோமீட்டர் உமிழ்வையும் 1.4 என்.ஏ.-வையும் வைத்தால், 180 நானோமீட்டர் சொச்சம். 80 நானோமீட்டர் பிக்சலுக்குக் கீழே போவதில் வரவு ஒன்றுமில்லை. டிடெக்டரில் கெய்னை, அதாவது சிக்னல் பெருக்கத்தை, தயங்காமல் ஏற்றி லேசரை இறக்குங்கள், இரண்டையும் ஒன்றாக ஏற்றும் பழக்கம்தான் கெடுதல். பழைய ஃபோட்டோமல்டிப்ளையர் வந்த ஃபோட்டான்களில் நான்கில் ஒன்றைத்தான் எண்ணும். கேலியம் ஆர்சினைடு பாஸ்ஃபைடு டிடெக்டர் 40 சதவீதத்துக்கு மேல் எண்ணும். உங்கள் கருவியில் ஒரு சானலையாவது மாற்ற முடிந்தால் புது மைக்ரோஸ்கோப்பில் கால்பங்கு லாபத்தை அதிலேயே எடுத்துவிடலாம். ஸ்கேனர் திரும்பி வரும்போது லேசர் அணைகிறதா என்பதையும் பாருங்கள், பழைய செட்டிங்கில் சிலர் அதை அணைக்காமலே விட்டிருப்பார்கள்.

இப்போது கருவிகள். உங்கள் வேலைக்கு, அதாவது கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய செல், ஒரு மணி நேரம், ஒன்றிரண்டு நிறம், என் முதல் பரிந்துரை ஸ்பின்னிங் டிஸ்க். நிப்கோவ் 1884-ல் தொலைக்காட்சிக்காக யோசித்த துளைத்தட்டுதான் இதன் மூலம். ஜப்பானின் யோகோகாவா நிறுவனம் ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு நுண்லென்ஸ் வைத்து லேசர் வீணாவதைத் தடுத்த பிறகுதான் உயிருள்ள செல்லுக்கு இது தோதானது. ஆயிரம் புள்ளிக்கு மேல் ஒரே நேரத்தில் ஸ்கேன் ஆவதால் ஒவ்வொரு புள்ளியிலும் செறிவு அந்த அளவுக்கு இறங்குகிறது. பிடிப்பது கேமரா, அதன் திறன் இன்று 95 சதவீதம் வரை. நஷ்டமும் உண்டு. துளை அளவு 50 மைக்ரான் என்று நிலையாக இருப்பதால் அது 100எக்ஸ், 60எக்ஸ் லென்ஸுக்குப் பொருந்தும், 20எக்ஸில் தளப்பிரிப்பு மோசம். தடித்த சாம்பிளில் பக்கத்துத் துளை வழியாக ஒளி கசிந்து மூடுபனி போலப் படியும். எக்ஸ்போஷர் நேரம் தட்டின் சுழற்சியோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கோடுகள் விழும். கோடு தெரிந்தால் கேமராவைக் குறை சொல்லாமல் எக்ஸ்போஷரை சுழற்சி நேரத்தின் முழு மடங்காக வையுங்கள்.

அந்தப் பணமும் இல்லையென்றால் வெட்கப்படாமல் சாதாரண வைட்ஃபீல்டுக்கு, அதாவது முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் ஒளியூட்டும் மைக்ரோஸ்கோப்புக்குப் போங்கள். எல்இடி, நல்ல சிமோஸ் கேமரா, பின்னால் டீகன்வல்யூஷன், அதாவது மங்கலைக் கணக்கால் நீக்குவது. ஐந்தாறு மைக்ரான் தடிமனுள்ள செல்லில் இது கன்ஃபோகலை விடக் குறைந்த ஒளியில் நல்ல படம் தருவதுண்டு, ஏனென்றால் எந்த ஃபோட்டானையும் எறிவதில்லை. ஒன்றே ஒன்று: எல்இடியை மென்பொருள் கட்டளையால் ஆன் செய்யாதீர்கள், கேமராவிலிருந்து நேராக டிடிஎல் ஒயர் இழுத்து இணையுங்கள். 50 மில்லி வினாடி எக்ஸ்போஷருக்கு, கட்டளை போய்வரும் தாமதத்தால் விளக்கு 200 மில்லி வினாடி எரிந்தால் செல் வாங்கியது நான்கு மடங்கு, நீங்கள் பெற்றது ஒரு மடங்கு.

லைட்ஷீட்டின் யோசனை எல்லாவற்றையும் விட அழகானது. ஃபோகஸ் தளத்தை மட்டும் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளித்தாளால் வெட்டி, மேலிருந்து பார்ப்பது. பார்க்காத தளத்தில் ஒளியே விழாது. 1903-ல் சீடென்டாப்ஃபும் ஜிக்மாண்டியும் தங்கக் கூழ்மத்தைப் பார்க்கப் பயன்படுத்திய வழி இது. 2004-ல் ஹைடல்பெர்க்கில் ஹூயிஸ்கனும் ஸ்டெல்ட்சரும் கருக்களுக்குக் கொண்டுவந்தார்கள். மீன் கரு ஒன்று பல மணி நேரம் வளர்வதை இதில் பார்க்கலாம், கன்ஃபோகலில் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒளி விரியும் குணமுள்ளது. 2 மைக்ரான் தடிமனுள்ள தாள் நீரில் 17 மைக்ரான் தூரம்தான் அப்படியே இருக்கும். 150 மைக்ரான் தூரம் வேண்டுமென்றால் தடிமன் 6 மைக்ரானாகும். கருவுக்கு 6 மைக்ரான் பரவாயில்லை, தனிச் செல்லுக்கு அது செல்லின் உயரமே. இந்த இடத்தில்தான் எரிக் பெட்சிக் குழுவின் லாட்டிஸ் வந்தது, 2014-ல். குறுக்கிடும் கதிர்களால் மெல்லிய தாளை நீண்ட தூரம் கொண்டுபோனார்கள். அந்த மெல்லிய தாளின் பலனில் எவ்வளவு பங்கு லாட்டிஸ் அமைப்பால், எவ்வளவு பங்கு நல்ல லென்ஸாலும் கவனமான ஆப்டிக்ஸாலும் என்பதில் வல்லுநர்களிடையே சண்டை ஓய்ந்தபாடில்லை. நன்றாகச் சரிசெய்த சாதாரண தாளும் கிட்டத்தட்ட அதே படத்தைத் தரும் என்று அளந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

லைட்ஷீட் வாங்குகிறவர்களை மாட்டவைப்பது சாம்பிள் பொருத்துவதும் தரவும். 1 சதவீத லோ-மெல்ட் அகரோஸில் கருவைப் புதைத்து, ஒளிவிலகல் எண் நீரோடு ஒத்துப்போகும் எஃப்இபி பிளாஸ்டிக் குழாயில் தொங்கவிட வேண்டும். அகரோஸ் 37 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் கரு வெந்துவிடும், ரொம்ப ஆறிப்போனால் கட்டியாகிவிடும். நிறமிகள் ஒளியைத் தடுத்துப் படத்தில் நிழல்கோடு விழும். கேமரா ஒன்று 2048-க்கு 2048 பிக்சலை வினாடிக்கு 100 ஃபிரேம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 3 டெராபைட். அதை எங்கே வைப்பது என்று முதல் நாளே யோசிக்காத துறைகளில் கருவி உறைபோட்டுக் கிடக்கும். வழக்கமான டிஷ்ஷிலேயே வேலை செய்யும் ஒற்றை லென்ஸ் லைட்ஷீட், 2008-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டன்ஸ்பி முன்வைத்த சாய்தள வழியில், இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. ஸ்ஃபீராய்டு, ஆர்கனாய்டு பக்கம் போகும் திட்டம் இருந்தால் அதைப் பாருங்கள். ஒற்றைப் படல ஹீலாவுக்கு இது ஆடம்பரம்.

இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்களைச் சேர்த்துச் சாயத்தைத் தூண்டும் டூ-ஃபோட்டான் உங்களுக்கு வேண்டாம். டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் 1990-ல் காட்டிய அந்த நுட்பம் எலி மூளைக்குள் நூற்றுக்கணக்கான மைக்ரான் ஆழம் பார்க்க ஈடற்றது. மெல்லிய செல்லில் குவியத்துக்குள்ளே சேதம் கன்ஃபோகலை விடக் கூடவே இருக்கும்.

ஆபேயின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் சூப்பர் ரெசல்யூஷன் என்ற பெயர்தான் விண்ணப்பம் எழுதும்போது கையை இழுக்கும். 2014-ல் பெட்சிக், ஹெல், மோர்னர் மூவரும் இதற்காக வேதியியல் நோபல் பெற்றார்கள், தகுதியான பரிசு. ஆனால் நுணுக்கம் ஒளியில் வாங்கப்படுகிறது. ஸ்டெட் நுட்பத்தில் புள்ளியைச் சுற்றி அணைக்கும் கதிரின் செறிவு கன்ஃபோகலை விடப் பல மடங்கு; நீண்ட நேரம் ஓட்ட முடியாது, சின்ன பரப்பில் சில ஃபிரேம்தான் சௌகரியம். ஒற்றை மூலக்கூறு முறைகளில் ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கான ஃபிரேம் சேர்க்க வேண்டும், அதற்குள் மைட்டோகாண்ட்ரியா நகர்ந்திருக்கும். அசையும் பொருளுக்கு ஒரு எளிய சோதனை: பொருள் வினாடிக்கு 1 மைக்ரான் நகர்ந்தால், 100 நானோமீட்டர் நுணுக்கத்துக்கு ஒரு படம் 100 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் காகிதத்தில் உள்ள நுணுக்கம் படத்தில் இல்லை. உயிருள்ள செல்லுக்கு நடைமுறையில் தோதானது 2000-ல் குஸ்டாஃப்சன் காட்டிய வரிவடிவ ஒளியூட்டல், அதாவது சிம். இரு பரிமாணத்தில் 9 படம் எடுத்து ஒன்றாக்கி 100 நானோமீட்டர் பக்கம் போகலாம். அந்த 9 படத்துக்கு இடையில் செல் அசைந்தாலும், ஒளி பற்றாமல் போனாலும் தேன்கூடு போன்ற பொய் வடிவம் தோன்றும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்பு என்று அதை எண்ணிவிடக் கூடாது. மாற்றாக, பின்ஹோலுக்குப் பதில் 32 பிரிவுள்ள டிடெக்டர் வரிசையை வைத்த கன்ஃபோகல்கள் இருக்கின்றன. நுணுக்கம் சிம்மை விடச் சற்றுக் குறைவு, தொந்தரவும் குறைவு.

இதையெல்லாம் விட மலிவாகச் செய்யக்கூடியது சாயத்தை மாற்றுவது. ஜிஎஃப்பிக்கு நீல ஒளி தேவை என்பதே உங்கள் பாதிப் பிரச்சினை. ஹேலோடேக் (சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) போட்டு 640-ல் தூண்டும் ஜனேலியா ஆய்வகத்தின் சாயத்தை ஒட்டினால் அதே மைட்டோகாண்ட்ரியா பல மடங்கு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். சாயம் சேர்த்து, 15 முதல் 30 நிமிடம் வைத்து, இருமுறை கழுவ வேண்டும்; கழுவாவிட்டால் பின்னணி. புரதம்தான் வேண்டுமென்றால் 2022-ல் ஜப்பானில் மியாவாக்கி குழு வெளியிட்ட ஸ்டேகோல்டு, மங்குவதில் ஜிஎஃப்பி குடும்பத்தில் யாரும் கிட்ட நெருங்க முடியாதது. முதல் வடிவம் இரட்டையாக ஒட்டிக்கொள்ளும், அதனால் மைட்டோகாண்ட்ரியா ஜவ்வில் போடுவதானால் பின்னால் வந்த ஒற்றை வடிவத்தைக் கேளுங்கள். ஸ்டேகோல்டு மங்காமல் இருப்பது செல்லை ஒளியிலிருந்து காப்பாற்றாது, நீல ஒளி நீல ஒளிதான். நியூக்ளியஸைக் காட்ட ஹெக்ஸ்ட் 33342 போட்டு 405-ல் அடிப்பதை நிறுத்துங்கள். சாயமும் அலைநீளமும் இரண்டும் டிஎன்ஏவைக் குறிவைக்கின்றன. சிவப்பில் ஒளிரும் ஹிஸ்டோன் லேபிள் போதும். சாயமே இல்லாமல் செல்லின் உருவம், பிரிவு, நகர்வு மட்டும் வேண்டுமென்றால் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இன்னும் செல்லாக்காசாகவில்லை. ஸெர்னிக்கே 1953-ல் அதற்காக நோபல் வாங்கினார். 5 நிமிடத்துக்கு ஒரு ஃபேஸ் படமும் 20 நிமிடத்துக்கு ஒரு ஃப்ளோரசன்ஸ் படமும் என்று கலந்து எடுத்தால் செல்லின் நடமாட்டம் தொடர்ச்சியாகவும் டோஸ் கால்பங்காகவும் கிடைக்கும்.

கடைசியாக, செயற்கை நுண்ணறிவு மென்பொருள். 2018-ல் டிரெஸ்டன் குழு வெளியிட்ட கேர் முறை, ஃபோட்டான்களை அறுபது மடங்கு வரை குறைத்து எடுத்த படத்தையும் மீட்டுக் காட்டியது. அந்த அறுபது மடங்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சாம்பிள்களுக்கு உண்மை. உங்களுடையதுக்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். நெட்வொர்க் தான் படித்த வடிவத்தையே திரும்பத் தருகிறது. ஆரோக்கியமான நூல்வடிவ மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் பயிற்றினால், மருந்தால் துண்டானதையும் நூலாக ஒட்டிக் காட்டிவிட வாய்ப்புண்டு. உங்கள் ஆய்வுக்கே அது உலை வைக்கும். பயிற்சிக்கு ஒவ்வொரு நிலையிலிருந்தும், மருந்து போட்டது, போடாதது, பிரிவில் இருப்பது என்று, வேதிப்பொருளால் நிலைநிறுத்திய (உயிரற்ற) செல்லில் குறைந்த ஒளி, நிறைந்த ஒளி ஜோடிகளை எடுங்கள்; ஒவ்வொன்றிலும் சில ஜோடிகளைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள். பிறகு ஒதுக்கியவற்றில் மைட்டோகாண்ட்ரியாவின் நீளத்தையும் துண்டு எண்ணிக்கையையும் மீட்ட படத்திலும் நிஜப் படத்திலும் அளந்து ஒப்பிடுங்கள். படத்தின் அழகைப் பார்க்காதீர்கள், இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகும் ஒளியளவு எதுவோ அதுவரைக்கும்தான் லேசரை இறக்கலாம்.